மானியம் இருக்கிறது, முகவரிதான் சரியில்லையாம்

அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் பின்பக்கம் உள்ள ஒரு குடியிருப்பில் சனிக்கிழமை சாயங்காலங்களில் நாங்கள் மனு எழுதிக் கொடுக்கிறோம். சாதிச் சான்றிதழ், முதியோர் ஓய்வூதியம், பட்டா என்று வருகிறவர்களுக்கு நடுவே ஒருநாள் சாப்பாடு டெலிவரி செய்கிற தம்பி ஒருவர் வந்தார். இணையவழித் தொழிலாளர்கள் 2,000 பேருக்கு மின்சார ஸ்கூட்டர் வாங்கத் தலா 20,000 ரூபாய் மானியம் என்று 2025 மார்ச் பட்ஜெட்டில் தமிழக அரசு அறிவித்ததே, அதற்கு எழுதித் தர முடியுமா என்று கேட்டார்.

அவர் ஏற்கெனவே மின் ஸ்கூட்டர்தான் ஓட்டுகிறார், வார வாடகைக்கு. காய்ச்சலில் படுத்திருந்த வாரமும் வாடகை கட்டியிருக்கிறார். ஒன்றரை வருடத்தில் கட்டியதைக் கூட்டிப் பார்த்தோம். ஒரு வண்டியே வாங்கியிருக்கலாம்.

நலவாரியப் பதிவு முடிந்தது. மானியம் போக மீதிப் பணத்துக்குக் கடன் வேண்டும். அவரோடு ஒரு ஃபைனான்ஸ் அலுவலகத்துக்குப் போனோம். சிபில் ஸ்கோர் நன்றாக இருந்தது, எங்கும் பாக்கி இல்லை. ஆதாரில் இருந்த முகவரியைத் தட்டியதும் அங்கிருந்தவர் குரலைத் தாழ்த்தினார்: "இந்த ஏரியாவுக்கு லோன் போக மாட்டேங்குது மேடம். நெகட்டிவ் ஏரியான்னு காட்டுது."

அதே சாலைக்கு எதிர்ப்பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பு. பின்கோடுகூட ஒன்றுதான். அங்கே போன் செய்து கூப்பிட்டுக் கடன் கொடுக்கிறார்கள். எம்.ஏ. படிக்கும்போது ஊர், சேரி என்று கிராம வரைபடம் வரைந்து மதிப்பெண் வாங்கியவர்கள் நாங்கள். அந்த வரைபடம் ஃபைனான்ஸ்காரரின் கம்ப்யூட்டருக்குள்ளும் இருக்கும் என்று எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை. சாதியின் பெயரை யாரும் உச்சரிக்கவே இல்லை. தெருவின் பெயரே போதுமானதாக இருந்தது.

தாட்கோவுக்குப் போகலாமே என்பீர்கள். 35 சதவீத மானியத்தோடு தொழில் கடன் திட்டம் அங்கே இருக்கிறது. ஆனால் கடனைக் கொடுக்க வேண்டியது வங்கி. திரும்பவும் அதே முகவரிதான்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தோம். தமிழ்நாட்டில் மின் வாகனங்களுக்குச் சாலை வரி முழுவதுமாகத் தள்ளுபடி. 2025 டிசம்பரோடு முடிய வேண்டியது, 2027 டிசம்பர் வரை நீட்டித்திருக்கிறார்கள். 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம், ஒரு லட்சம் வரையிலான இருசக்கர வண்டிக்கு 10 சதவீதம். அதாவது 60 லட்சம் ரூபாய்க்கு மின் கார் வாங்குகிறவருக்கு அரசு விட்டுக்கொடுப்பது ஏறத்தாழ 12 லட்சம். நம் தம்பி ஒரு லட்சத்துக்கு ஸ்கூட்டர் வாங்கினால் 10,000. அந்த ஒரு காருக்கு விட்ட வரியில் 60 டெலிவரி தொழிலாளர்களுக்கு மானியம் கொடுத்துவிடலாம். கார்காரரிடம் நலவாரிய அட்டை கேட்பதில்லை. 2,000 பேர் என்ற உச்சவரம்பும் அவருக்கு இல்லை.

மின் வண்டி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. லாரிப் புகையை முதலில் குடிப்பது சாலையோரத்தில் குடியிருக்கிற எங்கள் பிள்ளைகள்தான். 2025 ஜூனில் வியாசர்பாடியிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் கிளம்பியபோது மகிழ்ந்தோம். அவற்றின் ஓட்டுநர்கள் ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள், அந்த வேலைக்கு இட ஒதுக்கீடு கிடையாது என்று தெரிந்ததும் அந்த மகிழ்ச்சி பாதியானது. (அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.)

சொந்த வண்டி வந்தாலும் சார்ஜ் எங்கே போடுவது? இப்போதைய வாடகை வண்டிக்குப் பேட்டரியை மாற்றிக்கொடுக்க நிலையம் இருக்கிறது. அவர் இருப்பதோ ஒற்றை அறை வாடகை வீடு. வீட்டுக்காரர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வாங்குகிறார். அரசின் 100 யூனிட் இலவச மின்சாரம் வீட்டுக்காரரோடு நின்றுவிடுகிறது. வண்டிக்கு ஒயர் இழுக்கலாமா என்று அவர் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களோ என்ற பயம்.

போன சனிக்கிழமை தம்பி திரும்ப வந்தார். பட்டாபிராமில் சித்தப்பா இருக்கிறாராம், அந்த முகவரிக்குக் கடன் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

"சித்தப்பா பேருல வண்டி எடுத்தா மானியம் என் பேருக்கு வருமாக்கா?"

வண்டி யார் பெயரிலோ அவருக்குத்தான் மானியம், சித்தப்பா கொத்தனார், இந்த நலவாரியத்தில் அவர் இல்லை என்று விளக்கினோம். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அதற்குள் போனில் ஆர்டர் வந்துவிட்டது. வாடகை வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நாங்கள் நலவாரியத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் மனு எழுத உட்கார்ந்தோம்: கடன் மறுத்த காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள் என்று.