எவர்டனுக்கு இந்தக் கோடை

2025 மே 18, ஞாயிற்றுக்கிழமை. நம்மூர் நேரம் மாலை நாலரை. ஓர் அறை, ஒரு லேப்டாப், நாங்கள் ஆறு பேர். லிவர்பூல் நகரின் குடிசன் பார்க் திடலில் எவர்டன் ஆண்கள் அணியின் கடைசி ஆட்டம். 1892 முதல் அவர்களின் வீடாக இருந்த திடல் அது. சவுத்தாம்ப்டனை 2-0 என்று வென்றார்கள். இரண்டு கோலும் செனகல் வீரர் இலிமான் என்டியாயே அடித்தவை. ஆட்டம் முடிந்தும் எங்களில் யாரும் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒருவன் கேட்டான்: "சரிடா, அடுத்த சீசன்ல இந்த டீம்ல யார் இருப்பா?"

நியாயமான கேள்வி. ஜூன் 30-ஆம் தேதியோடு டுகூரே, யங், கால்வெர்ட்-லெவின், கீன், கெயே, கேப்டன் கோல்மன் என வரிசையாகப் பலரின் ஒப்பந்தங்கள் முடிகின்றன. லோனில் வந்த ஹாரிசன், லின்ட்ஸ்ட்ரோம், மங்காலா, புரோயா ஆகியோரின் காலமும் முடிந்தது. ஆகஸ்டில் மெர்சி ஆற்றங்கரையில் 52 ஆயிரத்துக்கும் அதிகமானோர் அமரும் புதிய அரங்கம் திறக்கிறது. அரங்கம் தயார். ஆட வேண்டிய அணியில் பாதி இல்லை. ஜூன் 1-இல் திறந்து, இடையில் சில நாள் மூடி, செப்டம்பர் 1 வரை நீளும் டிரான்ஸ்ஃபர் விண்டோவுக்குள் அந்தப் பாதியைக் கட்டியாக வேண்டும்.

பணம் இருந்தால் கட்டிவிடலாமே என்று கேட்கலாம். பணம் இருந்த காலத்தையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். 2016-இல் ஃபர்ஹாத் மோஷிரி வந்ததும் பணம் கொட்டியது. 2017 கோடையில் லுகாகுவை மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விற்றார்கள். கோல் அடிப்பவன் போன இடத்துக்குச் சரியான ஆளைக் கொண்டுவரவில்லை. மாறாக ரூனி, கிளாசென், சிகுர்ட்சன் என்று ஏறத்தாழ ஒரே இடத்தில் ஆடும் மூன்று பேரை ஒரே கோடையில் வாங்கினார்கள். அக்டோபரில் பயிற்சியாளர் வேலையிழந்தார். ஒவ்வொரு பயிற்சியாளரும் தனக்குப் பிடித்தவர்களைக் கேட்டார், வாங்கினார், போனார். கடன் மட்டும் போகவில்லை.

அதன் பில் 2023 நவம்பரில் வந்தது. மூன்று ஆண்டுகளில் 10.5 கோடி பவுண்ட் வரைதான் நட்டம் காட்டலாம் என்பது அன்றைய பிரீமியர் லீக் விதி. எவர்டன் அதை 1.95 கோடி பவுண்ட் தாண்டியிருந்தது. 10 புள்ளிகளைப் பறித்தார்கள். மேல்முறையீட்டில் அது 6 ஆனது. ஏப்ரலில் இன்னொரு வழக்கில் மேலும் 2 போனது. தவறு நடந்தது உண்மை, அதை நாங்கள் மறைக்கப்போவதில்லை. ஆனால் தண்டனை யார் தலையில் விழுந்தது? கணக்கை எழுதியவர்கள் மேல் அல்ல. வியர்வை சிந்திப் புள்ளி சேர்த்த வீரர்கள் மேலும், கூலியில் மிச்சம் பிடித்து டிக்கெட் வாங்கிய ரசிகர்கள் மேலும்தான். 2023 பிப்ரவரியில் மான்செஸ்டர் சிட்டி மீது நூற்றுக்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகள் பதிவாயின. அவர்கள் அவற்றை மறுக்கிறார்கள். 2025 மே வரை தீர்ப்பு வரவில்லை. சட்டம் எங்கே ஓடுகிறது, எங்கே நடக்கிறது என்பதை நம் தோழர்களுக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை.

"உங்களுக்கு எதுக்குங்க இங்கிலாந்து கிளப்?" என்று கேட்பவர்கள் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு நாங்கள் இந்த கிளப்பை நேசிக்கவில்லை. 1988-இல் இதே குடிசன் திடலில்தான் லிவர்பூல் அணியின் கறுப்பின வீரர் ஜான் பார்ன்ஸ் மீது வாழைப்பழம் வீசினார்கள். அவர் அதைக் குதிகாலால் தட்டிவிட்டு ஆடினார். அந்தப் புகைப்படத்தைப் பார்த்த பிறகும் குடிசனைப் புனிதத் தலம் என்று எங்களால் சொல்ல முடியாது. கடைசி நாளில் அதே திடல் ஒரு கறுப்பின இளைஞனின் பெயரைச் சொல்லிக் கொண்டாடியதையும் பார்த்தோம். இரண்டையும் சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறோம்.

இனி என்ன செய்ய வேண்டும்? முதலில் கணக்கைப் பார்ப்போம். இந்த சீசனில் 38 ஆட்டங்களில் அடித்தது 42 கோல்தான். 15 ஆட்டங்கள் டிரா. 48 புள்ளிகளோடு 13-ஆம் இடம். ஆனால் முதல் 19 ஆட்டங்களில் கிடைத்தவை 17 புள்ளிகள். ஜனவரியில் டேவிட் மோயஸ் திரும்பி வந்த பிறகு, அடுத்த 19-இல் 31. அந்த வேகத்தை முழு சீசனுக்கும் நீட்டினால் 62. இந்த ஆண்டுப் பட்டியலில் அது எட்டாம் இடம். ஆக, அடித்தளம் இருக்கிறது. கோல் அடிக்க ஒருவர், பந்தை முன்னே கொண்டுபோக ஒரு விங்கர், வயதாகிவிட்ட வலதுபுறத் தடுப்புக்கு ஓர் இளைஞர், இவைதான் முதல் தேவை. பிராந்த்வெய்ட்டுக்கு நல்ல ஒப்பந்தம் கொடுத்துத் தக்கவைப்பதும் புதிய ஆளை வாங்குவதற்குச் சமம்.

மோயஸுக்கு இது தெரியாததல்ல. முதல் முறை இருந்தபோது, 2009-இல், அயர்லாந்தின் ஸ்லைகோ ரோவர்ஸிலிருந்து 60 ஆயிரம் பவுண்டுக்கு ஒரு பையனைக் கொண்டுவந்தார். அவர்தான் பின்னர் கேப்டனான ஷேமஸ் கோல்மன். 2023 மே 28, அதே அறையில் இரவு 9 மணிக்குத் தொடங்கிய ஆட்டம் நினைவிருக்கிறது. தோற்றால் கீழ்ப்பிரிவுக்குப் போகக்கூடிய நிலை. போர்ன்மவுத்துக்கு எதிராக டுகூரே அடித்த ஒரு கோல் 1954 முதல் அறாமல் வந்த முதல்பிரிவு வாழ்வைக் காப்பாற்றியது. அப்படிப்பட்டவர்கள் போகும்போது விளம்பரப் பலகைக்கு ஒரு முகம் வாங்கி அந்த இடத்தை நிரப்ப முடியாது.

2024 டிசம்பரில் கிளப்பை வாங்கிய ஃப்ரீட்கின் குழுமத்திடம் எங்களுக்கு இன்னும் இரண்டு கோரிக்கைகள் உண்டு. குடிசனை இடிக்காமல் எவர்டன் பெண்கள் அணிக்குக் கொடுப்பதாக இந்த மாதம் அறிவித்தார்கள். மகிழ்ச்சி. திடலைக் கொடுத்தால் போதாது, ஆட்களை வாங்கப் பணமும் கொடுக்க வேண்டும். அடுத்தது, புதிய அரங்கத்தைக் கட்டும்போது 2023 ஆகஸ்டில் ஓர் இளம் தொழிலாளி உயிரிழந்தார். அவரும் எவர்டன் ரசிகர். அந்த உழைப்பின் மேல் எழுந்த அரங்கத்துக்குள் அவரைப் போன்ற கூலித் தொழிலாளி டிக்கெட் வாங்கி நுழைய முடிய வேண்டும்.

கோப்பை கேட்கவில்லை. 1995-இல் எஃப்.ஏ. கோப்பை வென்றதோடு சரி, காத்திருந்து பழகிவிட்டோம். மே மாதத்தில் பிழைப்போமா சாவோமா என்று நகம் கடிக்காத ஒரு சீசன் போதும். அதற்கான வேலை அடுத்த மூன்று மாதங்களில் நடக்க வேண்டும். நடந்ததா என்று செப்டம்பர் 1 இரவு அதே அறையில் உட்கார்ந்து பார்ப்போம்.