கறுப்புத் திரையில் ஓர் உகாண்டா

அக்கா மகள் பாலிடெக்னிக்கில் கணினித் துறையில் சேர்ந்தபோது வீட்டில் இருந்தது 2 ஜிபி நினைவகம் கொண்ட பழைய மடிக்கணினி மட்டுமே. விண்டோஸ் திறப்பதற்குள் காப்பி ஆறிவிடும். புதியது வாங்காவிட்டால் படிப்பை விட்டுவிட வேண்டியதுதான் என்றே அவள் நினைத்திருந்தாள். அக்கா தவணைக்கடைக்குப் போகத் தயாரானார். "ஒரு வாரம் பொறுங்கள், அக்கா" என்றேன்.

அந்தக் கணினியில் லுபுண்டு என்ற எடை குறைந்த லினக்ஸைப் பதித்தோம். அடுத்து, நிரல் எழுத ஓர் எடிட்டர் வேண்டும். டெர்மினலைத் திறக்கச் சொன்னேன். முதலில் 'சூடோ ஆப்ட் அப்டேட்'. மென்பொருள் பட்டியல் புதுப்பிக்கப்பட்டது. பிறகு 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் விம்'. கடவுச்சொல் கேட்டது. "மாமா, தட்டுறேன், எழுத்தே வரலையே!" என்று பதறினாள். பக்கத்தில் இருப்பவர் பார்க்காமல் இருக்கத்தான் அப்படி என்றேன். சில நிமிடங்களில் வேலை முடிந்தது. வட்டில் பிடித்த இடம் 50 மெகாபைட்டைக்கூட எட்டவில்லை.

விம் முதலில் முரண்டு பிடிக்கும். திறந்ததும் தட்டினால் எழுத்து விழாது. 'ஐ' விசையை அழுத்தினால்தான் எழுதலாம். எழுதி முடித்து 'எஸ்கேப்', பிறகு முக்காற்புள்ளி, 'டபிள்யூ', 'கியூ', என்டர். கோப்பு சேமிக்கப்பட்டு வெளியே வந்துவிடலாம். நகர்வதற்கு 'எச், ஜே, கே, எல்' விசைகள். 1976இல் பில் ஜாய் இதன் மூதாதையான 'வீஐ'யை எழுதியபோது அவர் பயன்படுத்திய முனையத்தில் அம்புக்குறிகள் அந்த நான்கு விசைகளின் மேல்தான் அச்சிடப்பட்டிருந்தன. 'விம்டியூட்டர்' என்று தட்டினால் அரை மணி நேரப் பாடம் ஒன்று திறக்கும். அவள் அதை இரண்டு முறை செய்தாள். இதெல்லாம் சிரமம் என்பவர்களுக்கு 'நானோ' இருக்கிறது. அதில் கட்டளைகள் திரையின் அடியிலேயே தெரியும்.

விம்மின் முகப்பில் ஒரு வரியைக் கண்டு அவள் நின்றாள். உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்றது அது. "இது என்ன மாமா, விளம்பரமா?"

இல்லை. விம்மை உருவாக்கிய நெதர்லாந்துக்காரர் பிராம் மூலனார், 1994இல் உகாண்டாவின் கிபாலே குழந்தைகள் நிலையத்தில் ஓராண்டு தொண்டு செய்தவர். 1991 முதல் தாம் வெளியிட்டுவந்த மென்பொருளுக்கு அவர் காசு கேட்கவில்லை. பிடித்திருந்தால் அந்தக் குழந்தைகளுக்குக் கொடுங்கள் என்றார். 2023 ஆகஸ்டில் அவர் காலமானார். "அப்போ நாம இதை ஓசியில வாங்கல. இன்னும் கொடுக்கலைன்னு வெச்சுக்கலாம்" என்றாள் அவள். எனக்குப் பதில் சொல்லத் தோன்றவில்லை.

காணொளித் தொகுப்பு, முப்பரிமாண வரைகலை போன்ற பாடங்களுக்குப் பழைய கணினி ஈடுகொடுக்காது, உண்மை. ஆனால் நிரலின் அரிச்சுவடி வெறும் எழுத்துக் கோப்புதான். தவணைத் தாளில் கையெழுத்திடும் முன், முதல் பருவத்துக்கு உண்மையில் என்ன தேவை என்று விரிவுரையாளரிடம் பெற்றோர் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. பல வீடுகளில், அலமாரியில் தூசு படிந்து கிடப்பதே போதுமானதாக இருக்கும்.