எண்ணெயின் சுருதி

அணுக்களின் எண்ணிக்கையை மூன்றால் பெருக்கு, ஆறைக் கழி. ஒரு மூலக்கூறு எத்தனை விதமாக அதிரும் என்பதற்கு எம்.எஸ்ஸி.யில் எங்களுக்குக் கிடைத்த விடை இதுதான். நீருக்கு மூன்று அதிர்வு. நேர்கோட்டு மூலக்கூறு என்றால் ஐந்தைத்தான் கழிக்க வேண்டும், ஆகவே கரியமில வாயுவுக்கு நான்கு. தேர்வுக்கு அது போதும். எது அதிர்கிறது, அதனால் யாருக்கு என்ன என்று வகுப்பில் ஒருவரும் கேட்டதில்லை.

கேட்டவர் அப்பா. நெய்யூரில் சின்னதாக ஒரு செக்கு வைத்திருந்தார். கொப்பரை வாங்கி ஆட்டி, டின்னில் அடைத்துக் கடைகளுக்குக் கொடுப்பார். ஒருநாள் ஒரு கடைக்காரர் நாலுபேர் முன்னால், பாமாயில் கலந்திருக்கிறது என்று சொல்லி இரண்டு டின்னைத் திருப்பிவிட்டார். ராத்திரி சாப்பிட்டு முடித்தபிறகுதான் அப்பா வாய் திறந்தார். "நீ படிக்கேல்லா மக்கா, அந்த மெஷினு இதச் சொல்லுமா?"

புத்தகத்தை மறுபடி முதல் பக்கத்திலிருந்து எடுத்தேன். இரண்டு அணு, நடுவில் ஒரு சுருள்வில். வில் விறைப்பாக இருந்தாலும், அணு லேசாக இருந்தாலும் அதிர்வு வேகமாகும். எந்த எண்ணெயிலும் கார்பன்–ஆக்ஸிஜன் இரட்டைப் பிணைப்பு உண்டு. அது சென்டிமீட்டருக்கு 1745 அலைகள் என்ற இடத்தில் ஒலிக்கும். அதனால் அது எண்ணெய் என்பதை மட்டும்தான் சொல்லும், யாருடைய எண்ணெய் என்று சொல்லாது. வேறுபாடு கார்பன்–கார்பன் இரட்டைப் பிணைப்பில். பாமாயிலின் கொழுப்பு அமிலங்களில் ஏறக்குறையப் பாதியில் அது உண்டு. தேங்காயெண்ணெயில் மிகச் சொற்பம். அதன் இடம் 1655.

சிக்கல் என்னவென்றால், அகச்சிவப்புக் கருவியில் இந்தப் பிணைப்பு கிட்டத்தட்ட ஊமை. அதிரும்போது மின்சமநிலை குலைந்தால்தான் அகச்சிவப்பு ஒளி உறிஞ்சப்படும். இங்கே இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே எடை, ஒரே சாயல். ஒளி ஒன்றுமே இல்லாததுபோல் கடந்துவிடும். ஆனால் அதே பிணைப்பின் எலக்ட்ரான் மேகம் இழுபட்டுச் சுருங்குகிறது. ராமன் சிதறலுக்கு அது போதும், அங்கே அது உரக்கப் பேசும்.

ராமன் விளைவின் கதையும் ஒரு கலப்படச் சந்தேகத்தில்தான் தொடங்குகிறது. திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் வேலைபார்த்துவிட்டுக் கல்கத்தா போன கே.ஆர்.ராமநாதன், 1923இல் நீரில் சிதறிய ஒளியில் நிறம் மாறிய ஒரு மங்கல் மிச்சத்தைக் கண்டார். (அன்று நெய்யூரும் திருவிதாங்கூர்தான்.) நீரில் அழுக்கு இருக்கும் என்று மறுபடி மறுபடி சுத்தம் செய்தார்கள். மங்கல் போகவில்லை. 1928இல் வத்திராயிருப்புக்காரர் கே.எஸ்.கிருஷ்ணனும் ராமனும் அறுபது போல திரவங்களைச் சூரிய ஒளியில் வைத்து, வெறும் கண்ணால் பார்த்தே, அது அழுக்கல்ல, அந்தந்த மூலக்கூறின் சொந்தக் குரல் என்று உறுதிசெய்தார்கள். சிதறும் ஒளியில் தோராயமாகக் கோடியில் ஒரு பங்கு. அதைக் கண்ணால் பிடித்த பொறுமையை நினைத்தால், விசையைத் தட்டி லேசரை ஏற்றும் எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கும்.

நண்பனின் ஆய்வகத்துக்கு மூன்று குப்பி கொண்டுபோனேன். அப்பாவின் எண்ணெய், நானே தேங்காய் உடைத்துக் காயவைத்து ஆட்டிய எண்ணெய், கடையில் வாங்கிய பாமாயில். மூன்றாவதில் 1655இல் குன்றுபோல் எழுந்தது. முதல் இரண்டிலும் ஒரே அளவில் சின்ன மேடு. நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு கலந்திருந்தால் இதில் தெரியாது, காய்க்குக் காய் இருக்கும் வித்தியாசத்திலேயே அது மறைந்துபோகும். அதையும் அப்பாவிடம் சொன்னேன்.

அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இந்தப் பெருசாக்கும் பாமாயிலு?"

"ஆமாப்பா."

"அப்ப நம்ம எண்ணையில இந்தச் சின்னது என்னவாக்கும்?"

எனக்குத் திக்கென்றது. "அது தேங்காய்க்கு உள்ளதுதான்ப்பா. எந்தத் தேங்காயிலும் அவ்வளவு இருக்கும்."

"கலந்தது இல்ல?"

"இல்ல."

கொஞ்சநேரம் அந்த மேட்டையே விரலால் தடவிக்கொண்டிருந்தார். பிறகு தாளை நாலாக மடித்துக் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்தார். அந்தக் கடைக்காரரிடம் அதைக் கொண்டுபோகவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. திரும்பி வந்த இரண்டு டின்னும் வீட்டுச் சமையலிலேயே தீர்ந்தது. இரண்டு மாதம் கழித்துத் திங்கள்சந்தையில் வேறொரு கடை பிடித்தார்.