சிவப்புக் கிண்ணமும் சுருட்டை முடியும்

இங்கிலாந்துல ஜனவரி, பிப்ரவரின்னா காடு மொத்தமும் பழுப்புதாங்க. அந்தப் பழுப்புக்கு நடுவுல, ஓடையோரமா பாசி படிஞ்சு கிடக்கிற செத்த கிளை மேல, குங்குமத்தைக் குழைச்சு வச்ச மாதிரி குட்டிக் குட்டிக் கிண்ணங்கள் முளைச்சிருக்கும். உள்பக்கம் நல்ல சிவப்பு. வெளிப்பக்கம் வெளிறிப்போய், வெல்வெட் துணி மாதிரி இருக்கும். பூ இல்லை, காளான். ஊர்க்காரங்க வச்ச பேரு ஸ்கார்லெட் எல்ஃப் கப். வில்லோ, ஆல்டர், ஹேசல் மாதிரி மரங்களோட விழுந்த கிளைன்னா இதுக்கு ரொம்பப் பிடிக்கும்.

கூட நடக்க வந்த ரூம்மேட் உடனே போனை நீட்டினான். ரெண்டே செகண்டு, ஆப் பேரைச் சொல்லிடுச்சு: சார்க்கோசைஃபா காக்சினியா. "முடிஞ்சுது மச்சி, வா போலாம்"னான்.

எங்க முடிஞ்சுது? இதே ஜாடையில இன்னொருத்தர் இருக்காரே! பேரு சார்க்கோசைஃபா ஆஸ்ட்ரியாக்கா. அதே நிறம், அதே அளவு, அதே சீசன். ரெண்டு பேரும் பிரிட்டன்ல உண்டு. பொட்டி தட்டுற நம்ம பாஷைல சொன்னா, அவுட்புட் ஒண்ணு, உள்ள கோடு வேற. வெறும் போட்டோவை வச்சு உறுதியாப் பிரிக்க முடியாது.

வித்தியாசம் வெளிப்பக்கத்து முடியில இருக்கு. ஒரே ஒரு கிண்ணத்தை எடுத்து, வெளித்தோலை பிளேடால மெல்லிசா சீவி, ஒரு சொட்டுத் தண்ணில வச்சு, 400 மடங்கு பெருசாக்கிப் பார்க்கணும். முடி நேராவோ லேசா வளைஞ்சோ இருந்தா காக்சினியா. ஸ்பிரிங் மாதிரி சுருண்டிருந்தா ஆஸ்ட்ரியாக்கா. எனக்குக் கிடைச்சது சுருட்டை முடிக்காரர் :-)

"ஏதோ ஒண்ணு, பேர்ல என்னடா இருக்கு?"ன்னான் ரூம்மேட்.

இருக்குங்க. 1984-ல ஹான்ஸ் ஓட்டோ பரல் ஐரோப்பாவுல இருக்கிற இந்தக் கூட்டத்தைப் பிரிச்சுக் காட்டினார். அதுக்கு முன்னாடி பெரும்பாலும் எல்லாமே காக்சினியாதான். காய வச்ச மாதிரி கையில இல்லேன்னா, அந்தப் பழைய குறிப்புகள்ல இருக்கிறது எதுன்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது. ரெண்டுல ஒண்ணு ஒரு ஊர்லேர்ந்து காணாமப் போயிருந்தாலும் அந்தக் குறிப்புல தெரியாது. ஆப் சொன்னதை அப்படியே பதிஞ்சு வச்சா, நாமளும் அதே குழப்பத்தைத்தான் சேர்த்து வைக்கிறோம்.

மைக்ராஸ்கோப் இல்லையா? பரவால்ல. 'சார்க்கோசைஃபா'ன்னு மட்டும் எழுதுங்க. எந்த மரம், எந்த இடம், என்ன தேதின்னு சேர்த்துக்குங்க. போதும்.

டிஸ்கி: கிளையையே தூக்கிட்டு வந்துடாதீங்க. அடுத்த வருஷமும் அதுல முளைக்கலாம்.