சந்தியாகப்பரின் வழியில்

ஸ்பெயினின் வடமேற்கிலுள்ள சந்தியாகோ தெ கொம்போஸ்தெலா பேராலயத்தில், தமிழ்க் கத்தோலிக்கர் சந்தியாகப்பர் என்று வணங்கும் திருத்தூதர் யாக்கோபின் கல்லறை இருப்பதாக இடைக்காலம் முதல் நம்பப்பட்டு வருகிறது. அதை நோக்கிச் செல்லும் பாதைகளுள், பிரான்ஸின் தென்மேற்கு எல்லையிலுள்ள சேன் ஜான் பியே தெ போர் என்னும் சிற்றூரில் தொடங்கி ஏறத்தாழ 780 கி.மீ. நீளும் பிரெஞ்சு வழியே பெரும்புகழ் பெற்றது. கடைசி 100 கி.மீ. நடந்தாலே யாத்திரைச் சான்றிதழ் கிடைத்துவிடும் என்பதால் சார்ரியா என்னும் ஊரிலிருந்து தொடங்குவோரும் ஏராளம். முழு வழியையும் நடப்பவருக்கோ ஐந்து வாரம் அளவில் ஆகிறது, அத்தனை நாளும் உடலைக் கெடுக்காமல் கொண்டுசெல்வது தனியொரு கலை.

முதல் நாளே பிரனீஸ் மலைத்தொடர் குறுக்கிடுகிறது. 1,200 மீட்டருக்கும் மேல் ஏறி, ரோன்செஸ்வாயெஸ் மடத்தை நோக்கி இறங்கும்போது, ஏற்றத்தில் வாங்கிய மூச்சைவிட இறக்கத்தில் முழங்கால் படும் பாடே பெரிது என்பதைப் புதியவர் உணர்கிறார். ஆயினும் யாத்திரையைப் பாதியில் முறிப்பது பெரும்பாலும் மலையன்று. காலுறைக்குள் புகுந்த மணல் துகளோ மடிந்துபோன தையலோதான். தோல் கொப்புளிப்பதற்கு முன் குதிகாலிலோ சுண்டுவிரல் ஓரத்திலோ ஓரிடம் மட்டும் சுடத் தொடங்கும். தேர்ந்தவர் அப்போதே வழியோரக் கல்லில் அமர்ந்து, காலணியைக் கழற்றி, காலுறையைப் புரட்டி உதறி, ஈரம் காயும்வரை பாதத்தைக் காற்றில் விட்டு, சுட்ட இடத்தில் சுருக்கம் விழாமல் ஒட்டுப்பட்டையை ஒட்டிய பின்னரே எழுவார். அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்று நடப்பவரோ, வலிக்கும் இடத்தைக் காக்கக் காலைச் சாய்த்து ஊன்ற, மாலைக்குள் நோவு முழங்காலுக்கும் இடுப்புக்கும் ஏறிவிடுகிறது. வலியைப் பொறுப்பதே தவம் என்று கருதுவோர் உண்டு, அது பிழை. உடல் காட்டும் சிறு குறிப்புக்கு உடனே பணிவதும், உடன் நடந்தவர் முந்திச் செல்வதைப் பொறுத்துக்கொள்வதுமே அதனினும் கடிய தவம்.

சுமை, உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்பது பாதையில் வழங்கும் கணக்கு. எனினும் புர்கோஸுக்கும் லெயோனுக்கும் இடையே, மெசேத்தா எனப்படும் நிழல் அரிதான கோதுமை மேட்டுநிலத்தில், கார்ரியோன் தெ லோஸ் கொந்தெஸ் ஊரைக் கடந்தால் அடுத்த ஊருக்கு ஏறத்தாழ 17 கி.மீ. ஆகும் என்பதால், அன்று மட்டும் கூடுதல் தண்ணீரைச் சுமக்கத் தயங்கலாகாது. வழி தேடும் கவலை அங்கே இல்லை. ஓ செப்ரெய்ரோ என்னும் ஊரின் பங்குத்தந்தையாக இருந்த எலியாஸ் வாலிஞா 1980களில் தீட்டத் தொடங்கிய மஞ்சள் அம்புக்குறிகள் வழிகாட்டுகின்றன (அவருக்கு யாத்ரீகர் பட்டிருக்கும் கடன் மிகப் பெரிது). கண்ணுக்கு வேலை குறையும் அந்நாள்களில் செபமாலை நடையோடு இணைந்துவிடுகிறது. ஓர் அருள் நிறைந்த மந்திரத்துக்கு இத்தனை அடி என்று கால் தானே பழகிக்கொள்ள, மூச்சும் வேகமும் சீராகின்றன.

கணுக்காலுக்கு மேல் தசைநாண் வீங்கிச் சிவந்துவிட்டால் மட்டும் நடை நின்றாக வேண்டும். அல்பெர்கே எனப்படும் யாத்ரீகர் விடுதிகள் பலவற்றில் ஓரிரவே தங்கலாம் என்பது வழக்கமாயினும், நோயுற்றவருக்காக அதைத் தளர்த்துவதுண்டு; கேட்கக் கூச்சப்படாமல் தங்கி, காலை உயர்த்தி வைத்து, வீக்கம் வடியும்வரை காத்திருப்பவரே மீண்டும் பாதையில் இறங்க முடிகிறது.