துப்பாக்கிக்கு அப்பா யாரு?

டிஸ்கி: தீபாவளிக்கு ரோல் கேப் சுட்டதுதான் துப்பாக்கியில எனக்கிருக்கிற மொத்த அனுபவம். :)

கென்டக்கி ரைஃபிள்னு ஒண்ணு. பேருதான் கென்டக்கி; அதிகமா செஞ்சது பென்சில்வேனியாவுல. 1700கள்ல ஜெர்மனியிலேர்ந்து குடியேறின கொல்லர்கள், தங்க ஊர் குட்டை வேட்டைத் துப்பாக்கியை நீட்டி, குழல் மட்டுமே 40 அங்குலத்தைத் தாண்டுற மாதிரி ஆக்கிட்டாங்க. ஃபேக்டரி சரக்கில்லை, சீரியல் நம்பரும் கிடையாது. அப்ப செஞ்சவரை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஆன்சைட்ல இருந்தப்ப, கூட வேலை பார்த்த பெரியவர் ஒருத்தர்கிட்ட இப்படி ஒண்ணு இருந்துச்சு. 1776-ல தாத்தாவோட தாத்தாவோ யாரோ சுதந்திரப் போருக்கு எடுத்துட்டுப் போனதுன்னு வீட்டுக் கதை. மகளுக்குக் கொடுக்குறதுக்கு முன்னாடி பூர்வீகம் தெரியணும்னார். வார இறுதியில எனக்கும் வேற வேலை இல்லை. கூட உட்கார்ந்தேன்.

விசைத் தகட்டுல 'கெட்லண்ட்'னு இருந்துச்சு. அதான் செஞ்சவர் பேருன்னு வீட்டுல நம்பிட்டிருந்தாங்க. ஆனா கெட்லண்ட், இங்கிலாந்து பர்மிங்காம் கம்பெனி. விசையை மட்டும் வாங்கி மாட்டிக்கிறது அந்தக் காலக் கொல்லர்களுக்குச் சகஜம். 'இன்டெல் இன்சைட்' ஸ்டிக்கரைப் பார்த்துட்டு லேப்டாப்பே இன்டெல் செஞ்சதுன்னு சொல்ற மாதிரி!

கொல்லர் பேரு இருந்தா எட்டுப்பட்டைக் குழலோட மேல்பட்டையில இருக்கும். லங்காஸ்டர்ல ஜேக்கப் டிக்கர்ட் (1740-1822) மாதிரி ஆளுங்க அங்கதான் பேரைப் பொறிப்பாங்க. நாங்க லென்ஸ் வச்சுத் தேடினோம். ம்ஹூம், சுத்தம்.

அப்புறம் இருக்குறது கைவாகுதான். கமென்ட் இல்லாத கோடை, பிரேஸ் போட்ட இடத்தைப் பார்த்தே யார் எழுதினதுன்னு சொல்லிடுவோம்ல, அதே கதை. குருகிட்ட கத்துக்கிட்ட பையன் அவர் மாதிரியே செதுக்குவான். அதனால ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு பாணி. லீஹை பக்கம்னா பின்கட்டை வளைஞ்சு இறங்கும். லங்காஸ்டர்னா நேர்க்கோடு. குண்டைச் சுத்துற எண்ணெய்த் துணி வைக்க, கட்டையில பித்தளை மூடி போட்ட சின்னப் பெட்டி இருக்கும். அதோட தலையில டெய்சிப் பூ இருந்தா பெரும்பாலும் லங்காஸ்டர் ஜாடை. பெரியவரோடதுல நேர்க்கோடும் இருந்துச்சு, பூவும் இருந்துச்சு.

ஊர் கிடைச்சாச்சு. வருஷம்? ஆரம்ப காலத்துப் பின்கட்டை தடியா, தோள்ல படுற இடம் தட்டையா இருக்கும். போகப் போக ஒல்லியாகி, பிறை மாதிரி வளையும். இது ஒல்லிப் பிறை. 1800-க்கு முன்னபின்ன இருக்கலாம். 1776 வாய்ப்பே இல்லை. பெரியவர் கொஞ்ச நேரம் பேசலை. வரிப் பட்டியல்ல துப்பாக்கிக் கொல்லர்கள் பேரு வரிசையா கிடைக்குது. அதுல எவர் கைன்னு ஒட்ட வைக்க, கையெழுத்துள்ள இன்னொரு துப்பாக்கி இதே அச்சுல வேணும். அது எங்களுக்குச் சிக்கலை.

பழம்பொருள் வியாபாரி ஒருத்தர் பார்த்துட்டு, "பேரு இருந்தா விலையே வேற"ன்னார். பழைய எழுத்துல பொறிச்சுக் கொடுக்க ஆளு இருக்குன்னு நைசா ஒரு பிட்டையும் போட்டார். பெரியவர் சொன்னது: "அவன் போடாத கையெழுத்தை நான் எப்படிய்யா போடுறது?"

மகளுக்கு ஒரு அட்டையில எழுதி வச்சார்: 'லங்காஸ்டர் பாணி. சுமார் 1800. விசை இங்கிலாந்து. செய்தவர் தெரியவில்லை.' போர்க் கதையையும் கீழே எழுதினார், 'வீட்டில் சொல்வது'ன்னு தலைப்பு போட்டு.

நான் பார்த்த டாக்குமென்டேஷன்லயே உருப்படியானது அதுதான் மக்களே.