கொலு முடிந்தாலும் எங்கள் ரயில் நிற்பதில்லை

பெண்களின் பொழுதுபோக்கு என்ன என்று கேட்டால் தையல், எம்பிராய்டரி, கோலம், தோட்டம் என்று நாலைந்து பதில் நம் கைவசம் தயாராக இருக்கும். எனக்கோ ரயில் விடுவது! மூக்கின் மேல் விரலை வைக்காதீர்கள் சகோதரிகளே. நவராத்திரிக் கொலுவில் படிக்குக் கீழே பார்க் கட்டி, கேழ்வரகையும் கடுகையும் முளைக்கவிட்டுப் புல்வெளி செய்து, முகம் பார்க்கும் கண்ணாடியைக் குளமாக்கி, அதைச் சுற்றி ஒரு குட்டி ரயிலை ஓடவிடும் வீடுகள் நம்மில் எத்தனையோ உண்டு. ஒன்பது நாள் 'கடகட'வென்று ஓடிவிட்டு, விஜயதசமி கழிந்ததும் அது அட்டைப் பெட்டிக்குள் போய்ப் பரண் ஏறிவிடும். எங்கள் வீட்டு ரயில் மட்டும் பரண் ஏறாமல் வருஷம் முழுக்க ஓடுகிறது. அதற்குக் காரணம் என் மாமனார்.

எங்கள் வீடு செங்கல்பட்டில், கொளவாய் ஏரிப் பக்கம். மாமனார் ரயில்வேயில் கேபினில் லீவர்மேனாக இருந்து ரிடையர் ஆனவர். அத்தை இருந்தவரை கொலு அத்தையின் ராஜ்யம். பொம்மை துடைப்பதிலிருந்து சுண்டல் வரை யாரும் குறுக்கே பேச முடியாது. ரயிலை மட்டும் மாமாவுக்கு விட்டுக் கொடுத்திருந்தார். அத்தை காலமான வருஷம் வீட்டில் கொலு வைக்கவில்லை. மாமாவும் பேச்சைக் குறைத்துக்கொண்டார். "சாப்பிடறீங்களா மாமா?" என்றால் ஒரு தலையாட்டல். "டி.வி. போடட்டுமா?" என்றால் அதற்கும் தலையாட்டல். நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு, ரயில் போகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். டாக்டரிடம் காட்டினோம். "உடம்புல ஒண்ணும் இல்லம்மா. கைக்கும் மனசுக்கும் ஏதாவது வேலை குடுங்க" என்றார்.

கொலுதானே வைக்கக் கூடாது? ரயில் என்ன பண்டிகையா? ஒரு நாள் மத்தியானம் பெட்டியை இறக்கி, கூடத்தில் தண்டவாளத்தை வட்டமாகப் பூட்டி, நானே ரயிலை ஓடவிட்டேன். முதல் சுற்று, இரண்டாவது சுற்று, மாமா திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாவது சுற்றில், "ஏம்மா, சிக்னல் குடுக்காம வண்டியை எடுக்கறியே, இது என்ன மாட்டு வண்டியா?" என்று குரல் வந்தது. இரண்டு மாதத்தில் அவர் முழுசாகப் பேசிய முதல் வாக்கியம் அதுதான்!

மறுநாளே ஐஸ்கிரீம் குச்சியில் கைகாட்டி செய்தார். சிவப்பு அடித்து, குறுக்கே வெள்ளைக் கோடு போட்டார். கை நேராக நின்றால் வண்டி நிற்க வேண்டும், கீழே இறங்கினால் போகலாம் என்று என் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் பாடம் நடந்தது. நான் சமையலறையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தேன்.

எங்களிடம் இருந்தது பென்சில் பாட்டரி போட்டு ஓடும் பிளாஸ்டிக் ரயில். அது ஓடினால் ஒரே வேகம், இல்லாவிட்டால் நிறுத்தம். மெதுவாகக் கிளம்பவும் தெரியாது, பின்னால் போகவும் தெரியாது. "இப்படி எந்த டிரைவரும் ஸ்டேஷனுக்குள்ள வரமாட்டான்" என்று மாமாவுக்குக் குறை. ஆகவே இவரிடம் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த பணத்தில் மின்சார ரயில் செட் ஒன்று வாங்கினோம். இதில் எஞ்சினுக்குள் பாட்டரி கிடையாது. சுவரில் வரும் 230 வோல்ட்டை ஒரு சின்னப் பெட்டி சுமார் 12 வோல்ட்டாகக் குறைத்து, நேர் மின்சாரமாக்கி, இரண்டு தண்டவாளங்களிலும் அனுப்புகிறது. சக்கரம் அதை வாங்கி மோட்டாருக்குக் கொடுக்கிறது. குமிழைத் திருகினால் வேகம் கூடும், குறையும். மின்சாரத்தின் திசையை மாற்றினால் வண்டி பின்னால் போகும்.

தண்டவாளம் வந்ததும் மாமா ஸ்கேலை வைத்து அளந்தார். 16.5 மி.மீ. "இது நம்ம பாதை இல்லையே!" என்றார். அவர் சொன்னது சரிதான். ரயில் பொம்மைகளுக்கும் ரவிக்கைக்குப் போல அளவுகள் உண்டு. ஜெர்மனியின் மார்க்லின் கம்பெனி 1891-லேயே அளவு வகுத்து ரயில் விற்கத் தொடங்கியது. இன்று உலகெங்கும் அதிகம் புழங்குவது ஹெச்.ஓ. என்னும் அளவு. நிஜத்தில் 87 அடி இருந்தால் இதில் 1 அடி. 16.5 மி.மீ. என்பது 1435 மி.மீ. அகலமுள்ள ஐரோப்பியப் பாதையின் குட்டி. நம் அகலப் பாதை 1676 மி.மீ., அதை 87-ஆல் வகுத்தால் 19 மி.மீ.க்கு மேல் வரும். மாமா வாழ்நாளில் பாதி பார்த்த மீட்டர்கேஜோ 1000 மி.மீ., அதன் குட்டி 12 மி.மீ.கூட வராது. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே 1931-ல் மின்சார ரயில் வந்தது மீட்டர்கேஜில்தான். 2004-ல் அந்த மீட்டர்கேஜ் மின்ரயில் விடைபெற்றது. இதையெல்லாம் நான் எந்தப் புத்தகத்திலும் தேடவில்லை. ஸ்கேலும் கையுமாக உட்கார்ந்து மாமாவே சொன்னார்.

அதன்பிறகு நாங்கள் புதிதாக வாங்கியது குறைவு, சீர்படுத்தியதுதான் அதிகம். பெட்டிகளின் பிளாஸ்டிக் சக்கரங்களை எடுத்துவிட்டு உலோகச் சக்கரம் போட்டோம். ஆட்டம் குறைந்தது, தண்டவாளத்தில் அழுக்கு சேர்வதும் குறைந்தது. வண்டி மேஜையின் ஒரு கோடியில் வேகமாகவும் மறு கோடியில் சோர்ந்தும் போனது. தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் தகட்டில் மின்சாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதுதான் காரணம். மூன்றடிக்கு ஓரிடத்தில் தனித்தனியாகக் கம்பி கொடுத்ததும் சுற்று முழுக்க ஒரே சீராக ஓடியது. செங்கல்பட்டில் காஞ்சிபுரம் வழியாக அரக்கோணத்துக்கு ஒரு பாதை பிரிகிறதல்லவா? எங்கள் மேஜையிலும் ஒரு பாயின்ட் போட்டுப் பாதையைப் பிரித்தோம். ஏரிக்குப் பழைய கொலுக் கண்ணாடி!

இரண்டு வண்டி வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். இப்போது டிஜிட்டல் முறை வந்திருக்கிறது. எஞ்சினுக்குள் ஒரு சின்னச் சில்லு. ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு நம்பர். ஒரே தண்டவாளத்தில் நம்பரைக் கூப்பிட்டுத் தனித்தனியாக ஓட்டலாம். ஆனால் செலவு அதிகம். மாமா வேறு வழி சொன்னார். "ஒரு பிளாக்குல ஒரு வண்டிதாம்மா இருக்கணும். அந்த விதி போதும்." தண்டவாளத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவிட்ச் வைத்தோம். ஒரு வண்டி ஸ்டேஷனில் மின்சாரம் இல்லாமல் காத்து நிற்கும், இன்னொன்று சுற்றி வரும். சுவிட்சுப் பலகை மாமா கையில். பழைய கேபின் திரும்பக் கிடைத்த மாதிரிதான்.

கோடையில் மாமா இரண்டு மாதம் மாமல்லபுரத்தில் என் நாத்தனார் வீட்டில் இருப்பார். ரயிலும் அவரோடு போயிற்று. நிஜத்தில் மாமல்லபுரத்துக்கு ரயில் கிடையாது, எங்கள் மாமா விட்டால்தான் உண்டு! அங்கே கிடைக்கும் மாக்கல் கோயில் ஒன்றை வாங்கிப் பக்கத்தில் வைத்தார்கள். நாலங்குலக் கோயில், ரயில் பெட்டிக்கு முன் குழந்தை மாதிரி நின்றதாம். பெண்ணும் தாத்தாவும் கணக்குப் போட்டார்கள். கடற்கரைக் கோயில் சுமார் 18 மீட்டர் உயரம். 87-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 21 சென்டிமீட்டர். பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டி சுமார் 21.3 மீட்டர் நீளம், அதன் குட்டி 24 சென்டிமீட்டருக்கு மேல். அட்டையில் 21 சென்டிமீட்டர் கோயில் எழும்பியது. பள்ளியில் விகிதக் கணக்கென்றால் அழும் பெண் இது!

ஆனால் ஒரு வாரத்தில் நாத்தனாரிடமிருந்து போன். "அண்ணி, வண்டி நிக்குது, தள்ளினா கொஞ்சம் போகுது, திரும்ப நிக்குது. அப்பா பழையபடி வாயைத் திறக்க மாட்டேங்கறாரு." எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்துப் போனேன்.

தண்டவாளத்தை வெள்ளைத் துணியால் துடைத்தேன். துணி கறுப்பாயிற்று. கடற்காற்றின் உப்பும் ஈரமும் தண்டவாளத்தில் மெல்லிய படலமாகப் படிந்து மின்சாரத்தைத் தடுத்திருக்கிறது. எங்களுடையது பித்தளைத் தண்டவாளம். பித்தளையில் படியும் களிம்பு மின்சாரத்தை விடாது. நிக்கல் சில்வர் தண்டவாளத்தில் இந்தத் தொல்லை குறைவு. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா என்றார் நாத்தனார். கூடாது, கீறல் விழும், கீறலுக்குள் இன்னும் அழுக்கு சேரும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் தண்டவாளத்தையும் சக்கரத்தையும் துடைத்தோம். (விளக்கும் அடுப்பும் பக்கத்தில் இருக்கக் கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.) வண்டி பட்டுப்போல ஓடியது. மாமா கைகாட்டியை இறக்கி, "லேட்டு, அஞ்சு நாள் லேட்டு!" என்றார். நாத்தனார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அங்கேயே இன்னொன்றும் தெரிந்தது. தண்டவாளத்துக்கு அடியில் கொட்டப் பிள்ளைகள் கடல் மணலை அள்ளி வந்திருந்தார்கள். ஒரு காந்தத்தை மணலில் உருட்டச் சொன்னேன். கறுப்புத் துகள்கள் அப்பிக்கொண்டு வந்தன. இரும்புச் சத்துள்ள கருமணல் அது. மோட்டாருக்குள் காந்தம் இருப்பதால் அந்தத் துகள் உள்ளே போய் ஒட்டிக்கொண்டால் எஞ்சின் கெடும். உப்பும் சேர்ந்தே வரும். கல் உடைக்கும் இடத்துத் துகளைச் சலித்து, கழுவி, காய வைத்து, காந்தத்தால் சோதித்துப் போடுவதே நல்லது.

சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டுத் தாய்மார்களுக்குச் சில வார்த்தைகள். பொத்தான் பாட்டரியையும் சின்னக் காந்தங்களையும் எண்ணி வைத்துப் பூட்டுங்கள். பொத்தான் பாட்டரி தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக் குழாயைப் புண்ணாக்கிவிடும். இரண்டு காந்தம் வயிற்றுக்குள் போனால் குடலை இடுக்கி ஓட்டை போட்டுவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல், காத்திராமல், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஈயம் கலந்த பற்றுவைப்பு வேலையைக் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் இருக்கும் அறையில் செய்யக் கூடாது. முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். 230 வோல்ட் பெட்டியைப் பெரியவர்கள்தான் சொருக வேண்டும். எஞ்சினுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், பிசுபிசுத்து இறுகிவிடும். பிளாஸ்டிக்கைக் கெடுக்காத மெல்லிய எண்ணெய் ஊசி முனையில் ஒரு சொட்டு போதும்.

இந்த ஆசை பெரிதாக வளர்ந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்கள், புணே பக்கம் போனால் கோத்ரூடில் ஜோஷி என்பவரின் குட்டி ரயில் அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம். ஒரு தனி மனிதரின் ஆசை 1998-ல் ஊருக்கே பொதுவாயிற்று. நமக்கு அவ்வளவெல்லாம் வேண்டாம். ஒரு மேஜை போதும்.

"வேற செலவே இல்லையா?" என்று கேட்கிற உறவினர்கள் எங்களுக்கும் உண்டு. பேசாத பெரியவரைப் பேசவைக்க எந்தக் கடையில் மருந்து விற்கிறது என்று அவர்களைக் கேட்பேன். மறு வருஷம் கொலு வைத்தோம். அத்தையின் மரப்பாச்சி மேல்படியில், ரயில் தன் மேஜையில். தினம் சாயங்காலம் 6 மணிக்கு முதல் வண்டி கிளம்ப வேண்டும் என்று மாமா டைம் டேபிள் எழுதி ஒட்டியிருக்கிறார். நான் குக்கரை இறக்கும் முன்பே கூப்பிட்டுவிடுகிறார், "ஏம்மா, கார்டு எங்க? கொடி காட்ட ஆள் வேணும்!" என்று. பச்சைக் கொடி என் பழைய ரவிக்கைத் துணிதான்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு ரயில் பெட்டி தூங்கிக்கொண்டிருக்கலாம். அடுத்த நவராத்திரிவரை காத்திருக்காமல் இறக்குங்கள். ஓடாவிட்டால் குப்பையில் போடாதீர்கள். முதலில் சக்கரத்தைத் துடைத்துப் பாருங்கள்.